கார்த்திக் முரளிதரன்: பள்ளிக்கூடத்துக்குள் வந்த பொருளாதாரப் பேராசிரியர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கல்லூரியில் தமிழ்வழியில் பொருளாதாரம் நடத்துகிறேன். மனித மூலதனம், அதாவது மனிதரின் படிப்பும் திறனும், பற்றிய பாடம் வரும்போதெல்லாம் கார்த்திக் முரளிதரனின் ஆய்வுகளைச் சொல்லாமல் என்னால் வகுப்பை முடிக்க முடிவதில்லை. மணி அடித்த பிறகும் மாணவர்கள் கேட்பவை, பள்ளி ஆசிரியர்களிடம் பேசப் போகும்போது அவர்கள் கேட்பவை, பெற்றோர் கேட்பவை என எல்லாவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இவர்?

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். டாட்டா பெயரில் அமைந்த பேராசிரியர் இருக்கையில் இருக்கிறார். ஹார்வர்டில் இளங்கலை, கேம்பிரிட்ஜில் எம்.ஃபில்., மறுபடி ஹார்வர்டில் முனைவர் பட்டம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய உழைப்பின் பெரும்பகுதி இந்திய அரசுப் பள்ளிகளைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஜே-பால் என்ற உலகளாவிய ஆய்வு வலையமைப்பில் கல்விப் பிரிவின் இணைத் தலைவராக இருந்திருக்கிறார். மாநில அரசுகளின் நிர்வாகத் திறனுக்காக இயங்கும் சீகிஸ் என்ற அமைப்பின் இணை நிறுவனர். 2024இல் இந்திய அரசு நிர்வாகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூலும் வெளியிட்டார்.

பொருளாதாரப் பேராசிரியருக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை? அது கல்வியியல் துறை அல்லவா?

படிப்பும் ஒரு முதலீடுதான் என்று 1960களில் தியோடர் ஷுல்ட்ஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் நிறுவிய நாளிலிருந்தே பொருளாதாரத்துக்குப் பள்ளியோடு உறவு உண்டு. ஷுல்ட்ஸுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தத் தலைமுறை எண்ணியது ஆண்டுகளைத்தான். ஒருவர் எத்தனை ஆண்டு படித்தார், எவ்வளவு சம்பாதித்தார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

இந்தியாவில் அந்தக் கணக்கு ஒரு கட்டத்துக்கு மேல் உதவவில்லை. 2001இல் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம், 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், மதிய உணவு எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்துவிட்டன. இது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் அசர் என்ற கற்றல் கணக்கெடுப்பு வேறொன்றைக் காட்டியது. கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேரால் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடியவில்லை. பள்ளிக்கு வந்த பிள்ளைக்குப் படிப்பு ஏன் வரவில்லை? இருக்கிற காசை எதில் போட்டால் படிப்பு வரும்? முரளிதரன் தன் பணிக்காலம் முழுக்கத் துரத்தியது இந்த இரண்டு கேள்விகளை. இரண்டாவது, அசல் பொருளாதாரக் கேள்வி.

எப்படி ஆய்வு செய்கிறார்? குலுக்கல் முறை என்கிறார்களே?

ஒரு பள்ளிக்குக் கூடுதல் ஆசிரியர் கொடுத்தார்கள், மதிப்பெண் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதற்கு அந்த ஆசிரியர் காரணமா, அல்லது ஆசிரியரைக் கேட்டு வாங்கும் அளவுக்கு அந்த ஊர்ப் பெற்றோர் விழிப்பாக இருந்ததா? பின்னால் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் முதலிலேயே பள்ளிகளைப் பட்டியலிட்டு, குலுக்கிப் போட்டு, பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து மீதியை அப்படியே விடுவார்கள். குலுக்கலில் விழுந்ததால் இரண்டு பக்கமும் எல்லா வகையிலும் சராசரியில் ஒன்றுபோல இருக்கும். ஓரிரு ஆண்டு கழித்துத் தெரியும் வித்தியாசம் திட்டத்தால் வந்தது. பாடநூலில் இதைச் சமவாய்ப்புச் சோதனை என்று படித்திருப்பீர்கள்.

அவருடைய எல்லா ஆய்வும் இப்படிப்பட்டதல்ல. கீழே வரும் பீகார் சைக்கிள் ஆய்வில் குலுக்கல் இல்லை.

‘0.27 திட்ட விலக்கம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா?

100 பிள்ளைகளை மதிப்பெண்படி கீழிருந்து மேலாக வரிசையில் நிறுத்துங்கள். நடுவில் 50ஆவதாக ஒரு பிள்ளை நிற்கிறது. 0.27 உயர்வு என்றால் அந்தப் பிள்ளை சுமார் 61ஆம் இடத்துக்குப் போகும். 0.37 என்றால் சுமார் 64. கீழே நான் எண் சொல்லும் இடங்களிலெல்லாம் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்கள் பள்ளிக்கு வருவதில்லை என்று சொன்னவர் இவர்தானே?

பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்கும்போது குரலில் வருத்தம் இருக்கும். அதனால் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

2003இல் இந்திய அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஆய்வுக் குழுவில் முரளிதரன் இருந்தார். 2019இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மைக்கேல் கிரெமரும் இருந்தார். போன நேரத்தில் 25 விழுக்காடு ஆசிரியர்கள் பள்ளியில் இல்லை. பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வேறுபாடு: மகாராஷ்டிரத்தில் சுமார் 15 விழுக்காடு, ஜார்க்கண்டில் 42, தமிழ்நாட்டில் சுமார் 21. 2010இல் கிராமப்புறங்களில் மறுபடி போய்ப் பார்த்தபோது, அங்கே 2003இல் 26.3 விழுக்காடாக இருந்த வராமை 23.6 ஆகக் குறைந்திருந்தது. கட்டடம், கழிப்பறை, மதிய உணவு எல்லாம் அந்த ஏழு ஆண்டில் வெகுவாக மேம்பட்டும் வருகை அந்த அளவுக்கு ஏறவில்லை. எங்கே மேற்பார்வை அதிகாரிகள் அடிக்கடி போனார்களோ அங்கே வருகை கூடியிருந்தது.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். 2017இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் 619 பள்ளிகளில் பார்த்தது. பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 விழுக்காடு. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அலுவல் காரணமாக வெளியே போனவர்கள் அல்லது முறையாக விடுப்பு எடுத்தவர்கள். காரணமில்லாமல் வராதவர்கள் 2.5 விழுக்காடு மட்டும்.

இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆசிரியரின் நேர்மையைக் கேட்டால் இரண்டாவது எண் பேசும். பிள்ளைக்கு முன்னால் ஆள் இருந்ததா என்று கேட்டால் முதல் எண் பேசும். தேர்தல் வேலைக்குப் போன டீச்சரும், பயிற்சிக்குப் போன டீச்சரும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணுக்கு இல்லாத டீச்சர்தான். இந்த ஆய்வை எடுத்து ஆசிரியர்களைத் திட்டுபவர்கள் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். வேலை செய்கிறவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே மரியாதை, ஒரே சம்பளம், ஒரே உயர்வு கொடுக்கும் ஏற்பாட்டைத்தான் அது குறை சொல்கிறது. சுமார் 3,000 அரசுப் பள்ளிகளில், தொடர்ந்து வராத ஆசிரியர் ஒருவரை வேலையை விட்டு எடுத்ததாகச் சொன்ன தலைமையாசிரியர் ஒரே ஒருவர். அன்றாடம் ஒழுங்காக வந்து உயிரைக் கொடுத்துச் சொல்லித்தரும் ஆசிரியருக்கு அந்த ஏற்பாடு செய்யும் அநியாயத்தை நான் இதில் பார்க்கிறேன்.

சரி, நன்றாகச் சொல்லிக்கொடுத்தால் ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 2005இல் பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 500 கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். மாநில அரசு, அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி எல்லாம் சேர்ந்த முயற்சி. வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற பொருளாதார அறிஞர் இணை ஆய்வாளர். ஐந்து கூறாகப் பிரித்து, கூறுக்கு 100 பள்ளி. ஒன்றில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் தனித்தனியாக ஊக்கத்தொகை. ஒன்றில் பள்ளிக்கு மொத்தமாக. ஒன்றில் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். ஒன்றில் நோட்டு, பயிற்சித்தாள் வாங்கப் பள்ளிக்கு ரொக்க மானியம். கடைசி 100 பள்ளிக்கு எதுவும் இல்லை.

ஊக்கத்தொகை பெரிய தொகை இல்லை, சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 விழுக்காடு. ஆனால் இரண்டே ஆண்டில் கணக்கில் 0.27, தெலுங்கில் 0.17 உயர்வு. ஊக்கத்தொகை கணக்குக்கும் மொழிக்கும் மட்டும்தான் என்றாலும் அறிவியலிலும் சமூக அறிவியலிலும் பிள்ளைகள் கூடுதலாக எடுத்தார்கள். மற்றப் பாடத்தைப் பலிகொடுத்து மதிப்பெண் வாங்கினார்களோ என்ற சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

ஐந்து ஆண்டு முடிவில் தனித்தனி ஊக்கத்தொகை வலுவாக நின்றது. பள்ளிக்கு மொத்தமாகக் கொடுத்தது அந்த அளவுக்கு நிற்கவில்லை. ஆசிரியர்களின் வருகை கூடவில்லை என்பது இன்னொரு விஷயம். வந்த நாளில் அவர்கள் செய்தது கூடியது: மாலை வகுப்பு, வீட்டுப்பாடம், மாதிரித் தேர்வு, பின்தங்கிய பிள்ளைமேல் தனிக் கவனம்.

ஒப்பந்த ஆசிரியர்களால் பயன் இருந்ததா?

இருந்தது. நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைத்தான் அவர்கள் வாங்கினார்கள், பயிற்சியும் குறைவு. ஆனாலும் அவர்கள் வந்த பள்ளிகளில் படிப்பு ஏறியது. இதைக் காட்டி “குறைந்த கூலிக்கு ஆள் போதும்” என்று வாதிடுவதை நான் ஏற்கமாட்டேன். எத்தனை ஆண்டு உழைத்தாலும் ஒப்பந்தத்திலேயே வைத்திருப்பது மனிதரை நடத்தும் முறை இல்லை. இளைஞர்களை முதலில் பயிற்சி ஆசிரியர்களாக எடுத்து, நன்றாகச் செய்கிறவர்களைப் படிப்படியாக நிரந்தரமாக்கலாம் என்பது முரளிதரன் முன்வைக்கும் யோசனை.

எல்லா ஆசிரியருக்கும் சம்பளத்தை இரட்டிப்பாக்கினால்?

இந்தோனேசியா அதைச் செய்தது. 2005இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, சான்றிதழ் பெறும் ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு இணையான தொகையைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். சுமார் 360 பள்ளிகளில் குலுக்கிப் போட்டு, சிலவற்றில் ஆசிரியர்களுக்கு அந்த வாய்ப்பை முன்கூட்டியே கிடைக்கச் செய்து பார்த்தார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது. கடன் கவலை குறைந்தது. இரண்டாவது வேலைக்குப் போவது குறைந்தது. இரண்டு, மூன்று ஆண்டு கழித்துப் பிள்ளைகளின் கற்றலில் எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியருக்கு நல்ல சம்பளம் தேவை என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. அந்தச் சம்பளமே வகுப்பறையை மாற்றிவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். ஆந்திரத்து 3 விழுக்காட்டையும் இந்தோனேசியாவின் 100 விழுக்காட்டையும் ஒரே கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போடுவேன். வகுப்பு கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கும்.

பள்ளிக்கு ரொக்க மானியம் கொடுத்தது என்ன ஆயிற்று?

ஆந்திரத்தில் மானியம் பெற்ற அந்த 100 பள்ளிகளில் முதல் ஆண்டில் பயன் தெரிந்தது, அடுத்த ஆண்டில் இல்லை. பள்ளியிலேயே நோட்டுப் புத்தகம் கிடைக்கும் என்று தெரிந்ததும் பெற்றோர் தங்கள் கையிலிருந்து செய்யும் செலவைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கு அது நல்லதுதான். அந்தக் காசு அரிசிக்கோ மருந்துக்கோ போயிருக்கும். பிள்ளையின் படிப்புக்கு மொத்தத்தில் கூடுதலாக எதுவும் சேரவில்லை.

தனியார் பள்ளி நல்லதா, அரசுப் பள்ளி நல்லதா?

பெற்றோர் எல்லோரும் கேட்பது. ஆந்திரத்தில் 2008இல் தொடங்கி நான்கு ஆண்டு இதையும் பார்த்தார்கள். 180 கிராமங்களில், தனியார் பள்ளிக்குப் போக விரும்பிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் விண்ணப்பம் வாங்கிக் குலுக்கல் போட்டுக் கட்டணத்தை ஏற்றுக்கொண்டார்கள். நான்கு ஆண்டு முடிவில் தெலுங்கிலும் கணக்கிலும் குலுக்கலில் வென்ற பிள்ளைக்கும் தோற்ற பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. தனியார் பள்ளி அந்த இரண்டுக்கும் குறைந்த நேரமே ஒதுக்கியது. மிச்ச நேரத்தில் இந்தி போன்றவற்றை நடத்தியது. அதனால் இந்தியில் நல்ல உயர்வு தெரிந்தது.

இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ‘பார்த்தீர்களா, தனியார் பள்ளி ஒன்றும் உசத்தி இல்லை’ என்பது ஒன்று. பிள்ளை ஒன்றுக்கு அரசு செய்யும் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் செலவழித்து அதே அளவு சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் உண்மை. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோரிடம் முதலாவதை அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் வெளியே தெரியும் மதிப்பெண் வித்தியாசத்தில் பெரும்பகுதி வீட்டிலிருந்தே வருகிறது.

பீகார் சைக்கிள் கதை என்ன?

2006இல் பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்க ₹2,000 கொடுத்தது. முரளிதரனும் நிஷித் பிரகாஷும் பீகாரின் பெண் பிள்ளைகளை அங்குள்ள ஆண் பிள்ளைகளோடும், அந்த வித்தியாசத்தைப் பக்கத்து ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள். 2000 வரை இரண்டும் ஒரே மாநிலமாக இருந்தவை. பெண் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 விழுக்காடு கூடியது. ஆண்-பெண் இடைவெளி 40 விழுக்காடு சுருங்கியது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் மாற்றம் மிகுதி. தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்கிய பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கூட்டமாகச் சைக்கிளில் போகிற பிள்ளைகளைப் பார்த்து ஊரே பழகிப்போவது இருக்கிறதே, அதற்கு அளவுகோல் கிடையாது.

இத்தனை ஆய்வில் உங்களுக்கு எது முக்கியம்?

டெல்லி ஆய்வு. அபிஜீத் சிங், அலெஹாந்திரோ கனிமியான் இருவரோடு சேர்ந்து செய்தது, 2019இல் வெளிவந்தது.

முதலில் அவர்கள் செய்தது ஓர் எளிய காரியம். அரசுப் பள்ளி மாணவர்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், உண்மையில் எந்த வகுப்புக் கணக்கைப் போட முடிகிறது என்று அளந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது அது நாலரை வகுப்பு. ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கையில் இருப்பது நாலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு. முன்னால் ஆசிரியர் இயற்கணிதம் நடத்துகிறார். நடத்தித்தான் ஆக வேண்டும், பாடத்திட்டம் அப்படி. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அந்த அறையில் கற்க எதுவும் இல்லை. நாளைக்கும் இல்லை. ஓர் ஆண்டு முழுவதும் இல்லை.

அந்தப் பிள்ளையை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்? ‘மக்கு’ என்றோம். ‘இதுக்கெல்லாம் படிப்பு ஏறாது’ என்றோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று முன்கூட்டியே மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியே அனுப்பிவைத்த பள்ளிகளும் உண்டு. நான் படித்த காலத்தில் என் பெஞ்சிலேயே அப்படி ஒருவன் இருந்தான். கழித்தலில் கடன் வாங்குவது அவனுக்கு மூன்றாம் வகுப்பிலேயே விட்டுப்போயிருந்தது. அதன்பிறகு யாரும் திரும்பிப் போய் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானும்தான்.

டெல்லியில் 619 மாணவர்களைக் குலுக்கலில் பிரித்து, பாதிப் பேரைப் பள்ளி நேரத்துக்குப் பிறகு மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பயிற்சி மையத்துக்கு அனுப்பினார்கள். தினம் ஒன்றரை மணி நேரம். பாதி கணினியில், பாதி ஓர் உதவியாளரோடு சிறு குழுவில். பிள்ளை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கொடுக்கும் மென்பொருள் அது. ஒன்பதாம் வகுப்பானாலும் நாலாம் வகுப்புக் கணக்குத்தான் தெரியுமென்றால் நாலாம் வகுப்பிலிருந்து தொடங்கும். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 உயர்வு. தன் வகுப்பில் அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகள்தான் ஒப்பீட்டில் அதிகம் பெற்றார்கள். மையத்துக்குப் போகாத அதே மாதிரிப் பிள்ளைகள் அந்த நாலரை மாதத்தில் பள்ளியில் கற்றது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைகளால் கற்க முடிந்தது. எப்போதுமே முடிந்திருக்கும். இதை ஒரு பொருளாதார ஆய்விதழின் பக்கத்தில் எண்ணாகப் பார்த்தபோது எனக்கு என் பெஞ்சு நண்பன்தான் நினைவுக்கு வந்தான்.

அப்படியானால் எல்லாப் பள்ளிக்கும் கணினி வாங்கிக் கொடுத்துவிடலாமா?

வெறும் கணினியைக் கொடுத்த திட்டங்கள் பல நாடுகளில் பயன் தரவில்லை. வேலை செய்தது, பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. அதை ஒரு மனிதரும் செய்யலாம். பிரதம் அமைப்பு கரும்பலகையோடும் கதை அட்டையோடும் செய்கிறது.

தமிழ்நாட்டில் ஏதாவது செய்திருக்கிறாரா?

இரண்டு பெரிய ஆய்வுகள், இரண்டும் நமக்கு நெருக்கமானவை.

முதலாவது அங்கன்வாடி. ஒரு மையத்தில் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். சத்துமாவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக் கணக்கு, கர்ப்பிணிகளைப் போய்ப் பார்ப்பது, பதிவேடுகள் என்று எல்லாவற்றுக்கும் நடுவில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டும் எழுத்தும். நான்கு மாவட்டங்களில் 640 மையங்களை எடுத்து, குலுக்கலில் பாதி மையங்களுக்கு அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை நியமித்தார்கள். அவருக்கு முன்பருவக் கல்வி மட்டும்தான் பொறுப்பு. 18 மாதத்தில் தொடர்ந்து வந்த பிள்ளைகளுக்குக் கணக்கில் 0.29, மொழியில் 0.46 உயர்வு. முன்பருவக் கல்வி நேரம் இரட்டிப்பானது. முன்பே இருந்த பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலைக்கு நேரம் கிடைத்ததால் வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. போட்ட காசைப்போல 13 முதல் 21 மடங்கு நீண்டகாலப் பயன் வரும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. ஒரே ஓர் ஆள், அரைநாள்!

இரண்டாவது கொரோனா காலம். 2019இல் நான்கு மாவட்டக் கிராமங்களில் வேறு காரணத்துக்காகச் சுமார் 19,000 பிள்ளைகளை ஏற்கெனவே சோதித்து வைத்திருந்தார்கள். அதனால் பள்ளி மூடப்பட்டு, 2021 நவம்பரில் தொடக்க வகுப்புகள் திறந்த பிறகு, டிசம்பரில் அதே ஊர்களுக்குப் போய் நேரடியாக ஒப்பிட முடிந்தது. கணக்கில் 0.7க்கும் மேல் சரிவு. நான் சொன்ன வரிசையில் 50ஆவதாக நின்ற பிள்ளை சுமார் 23ஆம் இடத்துக்குப் போய்விட்டது. தமிழில் 0.34 சரிவு. ஆனால் 2022 மே மாதத்துக்குள், ஆறே மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது.

இல்லம் தேடிக் கல்வியை நீங்களே பார்த்திருப்பீர்கள். மாலையில் கோயில் திண்ணையிலோ யாரோ ஒருவர் வீட்டு வாசலிலோ பாய் விரித்து, அந்த ஊர்ப் பெண் ஒருவர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மாதம் ₹1,000 மதிப்பூதியம். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள். நாடு முழுக்க எவ்வளவோ திட்டங்கள் காகிதத்தில் நின்றுபோகும்போது இது நடந்தது, அதுவும் ஏழைப் பிள்ளைகளைக் கூடுதலாகச் சென்றடைந்தது. மென்பொருள் இல்லை, புதுக் கட்டடம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க ஓர் அக்கா இருந்தார்.

வேலை செய்யாத திட்டங்களையும் எழுதுகிறாரா?

எழுதுகிறார், ஓர் ஆய்வாளராக அவர்மேல் எனக்கு மதிப்பு வந்ததே அதனால்தான். மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்த ஒரு திட்டம் வந்தது. உலகின் சிறந்த நடைமுறைகளைப் பார்த்து வடிவமைத்தது. எல்லாப் பள்ளிக்கும் மதிப்பீடு செய்தார்கள், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதினார்கள், அறிக்கைகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் இல்லை. ஆசிரியர் நடைமுறையிலும் இல்லை. ஆனாலும் அறிக்கைகள் சேர்ந்ததையே வெற்றியாக எண்ணி, அதே மாதிரித் திட்டம் நாடெங்கும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். இரவு உட்கார்ந்து நிரப்பிய படிவங்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்வார்.

இந்த ஆய்வு முறைமேல் விமர்சனம் இல்லையா?

உண்டு. 2015இல் நோபல் பெற்ற ஆங்கஸ் டீட்டன் இந்த முறையை அளவுக்கு மீறி நம்பக்கூடாது என்று தொடர்ந்து வாதிட்டுவருகிறார். ஓரிடத்தில் வேலை செய்தது இன்னோரிடத்தில் செய்யாமல் போகலாம் என்பதற்குக் கென்யா நல்ல சான்று: ஒப்பந்த ஆசிரியர் திட்டம் தொண்டு நிறுவனத்தின் கையில் பலன் கொடுத்தது, அதையே அரசு நடத்தியபோது பலனில்லை. இன்னொன்று, தேர்வில் அளக்க முடிந்ததை மட்டும் கல்வி என்று சொல்லிவிடும் ஆபத்து. தமிழை நேசிக்கக் கற்பதை 0.46 என்று எழுத முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையிடம் மொழியை நேசிப்பதைப் பற்றிப் பேச எனக்கு வாய் வருவதில்லை.

நான் தமிழ்வழியில் படிக்கிறேன். இந்தத் துறைக்கு வர முடியுமா?

முடியும். ஒரு வழி படிப்பு: இளங்கலைக்குப் பிறகு சென்னைப் பொருளியல் பள்ளி போன்ற இடங்களில் முதுகலை, அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் பட்டம். கணிதத்தையும் புள்ளியியலையும் இப்போதே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றொரு வழி களம். நான் சொன்ன ஆய்வு ஒவ்வொன்றுக்கும் பின்னால் வெயிலில் வீடுவீடாகப் போன கணக்கெடுப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒரு கிராமத்துத் தாயிடம் உட்கார்ந்து பேசி உண்மையான பதிலை வாங்குவது கடினமான வேலை. அதற்கு உங்கள் தமிழ்தான் முதல். கேள்வித்தாளின் தமிழ் பிழையாக இருந்தால் முழு ஆய்வும் பிழையாகும்.

என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம், பத்து நிமிடம் போதும். அசர் கணக்கெடுப்பு செய்வதும் இதே மாதிரிதான். வாசிப்புக்கு: முதலில் இரண்டாம் வகுப்பு மட்டத்தில் ஒரு குட்டிக் கதை. தடுமாறினால் முதல் வகுப்பு மட்டத்தில் நான்கு வரி. அதுவும் வராவிட்டால் தனிச்சொற்கள், பிறகு தனி எழுத்துகள். கணக்குக்கு: மூன்று இலக்கத்தை ஓர் இலக்கத்தால் வகுத்தல், வராவிட்டால் கடன் வாங்கிக் கழித்தல், அதுவும் இல்லையென்றால் இரண்டு இலக்க எண்களை வாசிப்பது. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் இருந்து 41இல் 13 கழிக்கத் தெரியவில்லையென்றால், தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டு நான்கு கட்டு கட்டி, தனியாக ஒன்று வையுங்கள். மூன்று குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டின் ரப்பரை அதுவே தன் கையால் அவிழ்க்கட்டும்.